புனைமொழியும் தாய்மொழியும்

மொழிகளுள் மிகப் பெரும்பாலானவற்றை ஆக்கியவர் இன்னார் என்று எவராலும் கூற இயலாது. தமிழைத் தனியொருவர் ஆக்கவில்லை. ஆங்கிலத்தையும் தனியொருவர் ஆக்கவில்லை. எண்ணற்ற தலைமுறையினரின் வாயிலே பிறந்து, வழங்கி, தேய்ந்து, வளர்ந்து வந்தவை அவை. எனினும், ஆக்கியவரின் பெயரும் ஆக்கிய காலமும் தெளிவாகத் தெரிந்த மொழிகள் சிலவும் உலகில் உள்ளன. கதையிலோ திரைப்படத்திலோ வரும் ஒரு கற்பனை மக்கட் கூட்டத்தினர் பேசுவதற்கென்றே ஒருவர் அமர்ந்து எழுதிய மொழிகள் அவை. அவற்றை இக்கட்டுரையில் புனைமொழிகள் என அழைப்போம்.

தமிழ்ப் பள்ளியின் விழா மலரிலே புனைமொழியைப் பற்றிய பாடம் எதற்கு என்று பெற்றோர் சிலர் எண்ணக்கூடும். ஓடிக்கொண்டிருக்கும் மணிக்கூட்டின் உட்பாகங்களை நாம் எண்ணிப் பார்ப்பதில்லை. புதிதாக ஒரு மணிக்கூட்டைச் செய்ய முற்படுபவரே ஒவ்வொரு சக்கரமும் எதற்கு என்று கேட்கிறார். மொழியும் அத்தகையதே. ஒரு மொழியைப் புதிதாக ஆக்குபவர் எதிர்கொள்ளும் வினாக்களை நாமும் எதிர்கொண்டால், நமது நாவிலே கேளாமலே ஓடிக்கொண்டிருக்கும் தமிழின் சக்கரங்கள் கண்ணுக்குப் புலப்படும்.

தொல்காப்பியர் தம் நூலை எழுத்து, சொல், பொருள் என மூன்று அதிகாரங்களாக வகுத்தார். புனைமொழி ஆக்குபவரும் இம்மூன்று வாயில்களையும் கடந்தாக வேண்டும். ஆகவே அவ்வரிசையிலேயே இப்பாடத்தை அமைப்போம்.

தமிழர் ஒருவர் ஆக்கிய மொழி

2015ஆம் ஆண்டு யூலை மாதத்தில் எஸ். எஸ். இராஜமௌலி இயக்கிய 'பாகுபலி' திரைப்படத்தின் முதற்பாகம் வெளிவந்தது. அதிலே மகிழ்மதி நாட்டின்மீது படையெடுத்து வரும் காலகேயர் என்னும் கூட்டத்தினரை மாணவர் பலர் திரையிலே கண்டிருப்பீர்கள். காலகேயர் என்பது மகாபாரதத்திலே அசுரர் கூட்டமொன்றுக்கு வழங்கும் பெயராகும். திரையில் அவர்கள் பேசுவது தமிழுமன்று, தெலுங்குமன்று. அது கிளிக்கி என்னும் புனைமொழி. அதனை ஆக்கியவர், அப்படத்துக்குத் தமிழில் உரையாடலும் பாடல்களும் எழுதிய மதன் கார்க்கி.

வாய்க்கு வந்தவாறு கூச்சலிடச் செய்திருந்தாலும் படம் ஓடியிருக்கும். அவர் அவ்வாறு செய்யவில்லை. ஏறத்தாழ 750 சொற்களையும் 40 இலக்கண விதிகளையும் வகுத்தார். இதன் வித்து அவுஸ்திரேலியாவில் ஊன்றப்பட்டது. அங்கே குயின்ஸ்லாந்துப் பல்கலைக்கழகத்தில் கணினித் துறையில் ஆய்வு செய்த காலத்தில், சிறுவர்களுடன் சேர்ந்து விளையாட்டாக அவர் ஆக்கிய 'கிளிக்' என்னும் சிறுமொழியே பின்னர் கிளிக்கியாக விரிந்தது. 2020ஆம் ஆண்டு பெப்ரவரி 21ஆந் திகதி, உலகத் தாய்மொழி நாளன்று, எழுத்து வடிவத்தோடும் அது இணையத்தில் வெளியிடப்பட்டது.

அம்மொழியிலிருந்து இரண்டு சொற்களை மட்டும் இங்கே எடுத்துக்கொள்வோம். 'மின்' என்றால் நான். 'நிம்' என்றால் நீ. இவ்விரண்டு சொற்களிலிருந்தே நமது பாடம் தொடங்குகிறது.

எழுத்து

மின் என்னும் சொல்லில் உள்ள ஒலிகள் ம், இ, ன் என்னும் மூன்று. அவற்றைப் பின்னிருந்து முன்னாக அடுக்கினால் நிம் என்னும் சொல் கிடைக்கிறது. நானும் நீயும் எதிரெதிரே நிற்பவர்கள். ஆகவே சொற்களும் கண்ணாடியிற் காணும் உருவம்போல எதிரெதிரே நிற்கின்றன. சிறுவர்கள் ஒருமுறை கேட்டால் மறக்கமாட்டார்கள்.

ஆனால் தமிழெழுத்தில் இவற்றை எழுதும்போது ஒன்று நிகழ்கிறது. மின் என்பதன் இறுதியில் நின்றது றன்னகரம். நிம் என்பதன் முதலில் வந்து நிற்பது தந்நகரம். ஆங்கிலத்தில் எழுதினால் இரண்டு இடத்திலும் ஒரே எழுத்துத்தான். தமிழில் மட்டும் ஏன் எழுத்து மாறியது? றன்னகரம் தமிழ்ச் சொல்லுக்கு முதலாவதில்லை என்பது விதி. தந்நகரமோ சொல்லின் இறுதியில் மிக அரிது. அவ்வாறு முடியும் சொற்கள் இரண்டே என்று தொல்காப்பியம் கணக்குச் சொல்கிறது. இவ்விதியை எவரும் உங்களுக்குக் கற்பித்திராவிடினும், 'நிம்' என்று சொல்லக் கேட்டால் தந்நகரத்தையே எழுதுவீர்கள்.

இவ்வாறு எந்த ஒலி சொல்லுக்கு முதலில் வரலாம், எது இறுதியில் வரலாம் என்னும் வரையறை ஒவ்வொரு மொழிக்கும் உண்டு. புனைமொழியின் ஆசிரியர் முதலில் வகுக்க வேண்டியது இதனையே. இது வகுக்கப்படாத மொழி வெறும் ஒலிக்குவியலாகவே இருக்கும்.

தமிழின் வரையறையை அறிய நாம் வாழும் நகரத்தின் பெயரே போதும். இதனை இலண்டன் என்று ஏன் எழுதுகிறோம்? லகரம் தமிழ்ச் சொல்லுக்கு முதலாவதில்லை. ஆகவே இகரம் முன்னே வந்து கைகொடுக்கிறது. இராமன், இரத்தினம், உலோகம் என்பனவும் இவ்வாறு வந்தவையே. லண்டன் என்று எழுதுவோரும் உளர். அவர்களும் மரபு எது என்பதை அறிந்து எழுதுவது நன்று.

சொல்லின் இறுதிக்கும் இத்தகைய விதி உண்டு. க், ச், ட், த், ப், ற் என்னும் வல்லின மெய்கள் ஆறும் தமிழ்ச் சொல்லின் இறுதியில் நிற்பதில்லை. ஆகவேதான் வீட்டிலே அம்மம்மா ஆங்கிலச் சொற்களைக் கூறும்போது றோட்டு, கேற்று, கப்பு என்று ஓர் உகரத்தைச் சேர்த்துக் கூறுகிறார். பிள்ளைகள் சிலர் அதனைக் கேட்டுச் சிரிப்பதுண்டு. சிரிப்பதற்கு அதிலே ஒன்றுமில்லை. பாட்டு, நாக்கு, காற்று என்னும் சொற்களை ஆளும் குற்றியலுகர விதியை அவர் பிறமொழிச் சொல்லிலும் பிழையின்றிக் கடைப்பிடிக்கிறார். இலக்கண நூலை ஒருபோதும் திறந்திராதவரின் நாவிலும் இலக்கணம் குடியிருக்கிறது என்பதற்கு இதனைவிடச் சான்று வேண்டியதில்லை.

கிளிக்கி என்னும் பெயரையே பாருங்கள். இதனைக் கிளிகி என ஒற்றைக் ககரமிட்டு எழுதினால், பகல், மகன் என்பவற்றில் ஒலிப்பதுபோல அது மெலிந்து ஒலிக்கும். க்கி என இரட்டித்து எழுதும்போதே ஓசை வலிமை பெறுகிறது. தமிழ் நெடுங்கணக்கில் ககரத்தின் வன்மையான ஒலிக்கும் மென்மையான ஒலிக்கும் தனித்தனி எழுத்து ஏன் இல்லை என்று மாணவர் அடிக்கடி வினவுவர். எழுத்து நிற்கும் இடமே ஒலியைக் காட்டிவிடுவதால் இரண்டாவது எழுத்துக்குத் தேவை ஏற்படவில்லை என்பதே விடை.

ஒலிக்கும் உணர்வுக்கும் உள்ள தொடர்பையும் புனைமொழியாளர் கருதுவர். காலகேயர் அச்சந்தரும் போர்வீரர். ஆகவே அவர்களின் மொழியில் வல்லோசை மிக்கு ஒலிக்கிறது. நாவைச் சொடுக்கி எழுப்பும் ஒலிகளும் இடம்பெறுகின்றன. சொடுக்கொலி கற்பனையானதன்று. தென்னாபிரிக்காவின் கோசா, சூலு மொழிகளில் அது முறையான மெய்யெழுத்தாகவே வழங்குகிறது. நாமும் இரக்கந் தோன்ற உச்சுக் கொட்டும்போது அதே ஒலியை எழுப்புகிறோம். ஆனால் அதனை எழுத்தாகக் கொள்வதில்லை.

புனைமொழியாளருள் முதன்மையானவராகப் போற்றப்படும் டோல்கீன் இந்நாட்டவர். திருக்குறளை ஆங்கிலத்தில் பெயர்த்த போப் ஐயர் முன்னர் தமிழ் கற்பித்த அதே ஒக்ஸ்போர்ட் பல்கலைக்கழகத்தில் 1911இல் மாணவராகச் சேர்ந்து, பின்னர் அங்கேயே பேராசிரியராகவும் விளங்கியவர். பின்லாந்து மொழியின் ஓசையில் மனம் பறிகொடுத்து ஒரு மொழியையும், வேல்ஸ் மொழியின் ஓசையைத் தழுவி இன்னொரு மொழியையும் வகுத்தார். அவரைப் பொறுத்தவரை மொழிகளே முதலில் தோன்றின. அவற்றைப் பேசுவதற்கு மாந்தரும், அம்மாந்தருக்கு ஒரு கதையும் பின்னரே வந்தன. 1954, 1955ஆம் ஆண்டுகளில் மூன்று பாகங்களாக வெளிவந்த 'லோர்ட் ஒஃப் த ரிங்ஸ்' என்னும் பெருங்கதையில் நல்லோரின் மொழி மென்மையாகவும் தீயோரின் மொழி கரடுமுரடாகவும் ஒலிப்பது தற்செயலன்று. ஓசையை வன்மை, மென்மை, இடைமை எனப் பகுத்து வல்லினம், மெல்லினம், இடையினம் எனப் பெயரிட்ட மரபில் வந்த நமக்கு இதன் நுட்பம் எளிதில் விளங்கும்.

சொல்

ஒலிகள் சொற்களான பின்னர், சொற்கள் எவ்வாறு வாக்கியமாக இணைகின்றன என்னும் வினா எழுகிறது. 1984இல் வெளிவந்த 'ஸ்டார் ட்ரெக்' வரிசைத் திரைப்படமொன்றுக்காக மார்க் ஒக்ராண்ட் என்னும் அமெரிக்க மொழியியலறிஞர் கிளிங்கன் என்னும் மொழியை விரிவாக வகுத்தார். அம்மொழியினர் வேற்றுலகத்தவர் என்பது தோன்ற, மனித மொழிகளில் அரிதான ஒரு வரிசையைத் தெரிந்தார்: முதலில் செயப்படுபொருள், அடுத்து வினை, இறுதியில் எழுவாய்.

அவ்வரிசையைத் தமிழில் அமைத்துப் பார்ப்போம். கண்ணன் வள்ளியைக் கண்டான் என்பது நமது இயல்பான வரிசை. கிளிங்கன் வரிசையில் இது வள்ளியைக் கண்டான் கண்ணன் என்றாகும். வேற்றுலக வரிசை என்று சொல்லப்பட்டது நமக்குச் சிறிதும் விளங்காமற் போகவில்லை. செய்யுளிலும் மேடைப்பேச்சிலும் நாம் இவ்வாறு கேட்டே இருக்கிறோம். காரணம் 'ஐ' என்னும் இரண்டாம் வேற்றுமை உருபு. வள்ளி எங்கே நின்றாலும் காணப்பட்டவள் அவளே என்பதை அவ்வுருபு காட்டிவிடும். ஆங்கிலத்தில் இரு பெயர்களையும் இடம் மாற்றினால் கண்டவர் யார், காணப்பட்டவர் யார் என்பதே மாறிவிடும். வேற்றுமை உருபை மனனஞ் செய்வது சுமையென எண்ணும் மாணவர், அச்சிறிய உருபு நமக்குத் தரும் சுதந்திரத்தையும் எண்ணிப் பார்க்க வேண்டும்.

2009இல் வெளிவந்த 'அவதார்' திரைப்படத்துக்காகப் போல் ஃபுரோமர் ஆக்கிய நாவி மொழி காலத்தைக் காட்டும் முறை சுவையானது. அதிலே 'தரொன்' என்றால் வேட்டையாடு. இறந்த காலத்துக்கு 'தமரொன்', எதிர்காலத்துக்கு 'தயரொன்'. 'அம்', 'அய்' என்னும் காலங்காட்டும் உறுப்புகள் வினையடியையே பிளந்துகொண்டு உள்ளே புகுந்து நிற்பதைக் காண்க. தமிழிலும் செய்தான், செய்கிறான், செய்வான் என்பவற்றில் காலங்காட்டும் உறுப்பு நடுவிலேயே நிற்கிறது; அதனாலேயே அது இடைநிலை எனப்படும். ஆனால் நமது இடைநிலை பகுதியைப் பிளப்பதில்லை. பகுதி முழுமையாக முன்னே நிற்க, இடைநிலை அதனையடுத்தும் விகுதி இறுதியிலும் வரும். பகுபத உறுப்பிலக்கணத்தை ஒருமுறை கற்ற மாணவர் நாவி மொழியின் வினையைச் சில நிமிடங்களிலே பிரித்தறிந்துவிடுவார்.

அம்மொழியில் இன்னொன்றும் உண்டு. கேட்பவரையும் சேர்த்துச் சொல்லும் பன்மைக்கு ஒரு சொல். அவரை விலக்கிச் சொல்லும் பன்மைக்கு வேறொரு சொல். ஆங்கிலம் பேசுவோருக்கு இது புதுமை. ஆனால் நாம், நாங்கள் என்னும் இரு சொற்கள் நமது வீட்டிலே அன்றாடம் வழங்குகின்றன. 'நாம் கடைக்குப் போவோம்' என்று அம்மா சொன்னால் பிள்ளை சப்பாத்தைத் தேடி ஓடும். 'நாங்கள் கடைக்குப் போகிறோம்' என்றால் முகம் வாடும். வேற்றுக்கோளத்து மக்களுக்கென வைத்த இலக்கண நுட்பம், தமிழ்க் குழந்தை நான்கு வயதுக்குள்ளே தானாகக் கற்றுக்கொள்ளும் ஒன்றாக இருக்கிறது.

பொருள்

எழுத்தும் சொல்லும் அமைந்துவிட்டால் மொழி நிறைவெய்துமா? மக்களின் வாழ்வும் அவர்கள் வாழும் நிலமும் இலக்கணத்தின் ஒரு பகுதியே என்று கொண்டதனாலேயே தொல்காப்பியர் மூன்றாவதாகப் பொருளதிகாரத்தை வகுத்தார்.

புனைமொழியாளரும் இதனை அறிவர். 2011இல் தொடங்கிய 'கேம் ஒஃப் த்ரோன்ஸ்' தொலைக்காட்சித் தொடருக்காக டேவிட் பீற்றர்சன் வளர்த்தெடுத்த டொத்ராக்கி மொழியின் மக்கள் குதிரையிலே வாழ்பவர்கள். அம்மொழியில் நலம் விசாரிக்கும் தொடரின் நேர்ப்பொருள் 'நன்றாகக் குதிரை ஏறுகிறாயா?' என்பதாகும். நாம் ஒருவரைக் கண்டதும் 'சாப்பிட்டீர்களா?' என்று கேட்கிறோம். இரு வினாக்களிலும் அவ்வம் மக்களின் வாழ்வு தெரிகிறது.

ஆயினும், ஓராசிரியர் எத்துணை முயன்றாலும் வாழ்வின் எல்லா மூலைகளுக்கும் சொல் வகுக்க முடியாது. 1990களில் அமெரிக்காவிலே ஒரு தந்தை, தம் மகன் பிறந்தது முதல் ஏறத்தாழ மூன்று ஆண்டுகள் அவனோடு கிளிங்கன் மொழியிலேயே பேசினார். தாய் ஆங்கிலத்தில் பேசினார். போர்க்களத்துக்கும் விண்கலத்துக்கும் உரிய சொற்கள் அம்மொழியில் நிறைய இருந்தன. வீட்டிலே கையாளும் பொருள்கள் பலவற்றுக்குச் சொல் இருக்கவில்லை. தந்தையைத் தவிர அதனைப் பேசுவாரும் அச்சிறுவனுக்கு எவருமில்லை. அவன் அம்மொழியைக் கைவிட்டான்.

கிளிங்கனை ஆக்கிய ஒக்ராண்டின் வாழ்விலேயே இதற்கு மறுதலையான ஒரு செய்தி உண்டு. அவர் 1977இல் முனைவர் பட்டத்துக்காக எழுதியது கலிபோர்னியாவின் பழங்குடியினருடைய முத்சுன் என்னும் உண்மை மொழியின் இலக்கணம். அம்மொழியைச் சரளமாகப் பேசிய கடைசி மூதாட்டி 1930இலேயே காலமாகியிருந்தார். அவரிடம் கேட்டு வேறோர் அறிஞர் எழுதி வைத்த குறிப்புகளைக் கொண்டே அவ்விலக்கணம் எழுதப்பட்டது. 1990கள் முதல் அப்பழங்குடியினரின் வழித்தோன்றல்கள் தம் முன்னோரின் மொழியை மீண்டும் கற்க முயன்று வருகின்றனர். பாட்டியின் மடியிலே இலவசமாகக் கிடைத்திருக்க வேண்டிய மொழியை அவர்கள் ஏட்டிலிருந்து எழுத்தெழுத்தாக மீட்க வேண்டியிருக்கிறது.

நமது நிலை

இலண்டன் வாழ் தமிழ்ப் பிள்ளைகளின் நிலையை இவற்றோடு ஒப்பிட்டுப் பார்க்க வேண்டும். கிளிங்கனுக்குப் போர்க்களச் சொற்கள் இருந்தன. அடுக்களைச் சொற்கள் குறைவு. நமது பிள்ளைகளின் தமிழுக்கோ அடுக்களைச் சொற்கள் உண்டு. அதற்கு வெளியே சொற்கள் அருகி வருகின்றன. சோறு, கறி, வா, போ, படு என்பன தமிழில் வரும். பள்ளியிலே கற்ற அறிவியலையோ, நண்பனோடு ஏற்பட்ட மனத்தாங்கலையோ, தான் வருங்காலத்தில் என்ன ஆக விரும்புகிறான் என்பதையோ சொல்ல வரும்போது நா ஆங்கிலத்துக்கு மாறிவிடுகிறது. தமிழிலே இவற்றுக்குச் சொல் இல்லாமையால் அன்று. அச்சொற்களை அவன் காதிலே எவரும் போடாமையால்.

பெற்றோர் இதனைச் சிந்திக்க வேண்டும். பிள்ளைக்கு உணவூட்டவும் உறங்க வைக்கவும் மட்டும் தமிழைப் பயன்படுத்திவிட்டு, முக்கியமான செய்தியைப் பேசும்போது ஆங்கிலத்துக்கு மாறினால், தமிழ் சிறுபிள்ளைப் பேச்சு என்றே பிள்ளை முடிவு செய்யும். வளர்ந்ததும் அதனைக் களைந்துவிடும். வேலைக் களைப்போடு வரும் பெற்றோருக்கு இது எளிதன்று. ஆயினும் நாளொன்றுக்குப் பத்து நிமிடமாவது, பிள்ளையின் உலகத்துச் செய்தியொன்றைத் தமிழிலே பேசுவது இயலாத காரியமன்று.

மாணவர்களே, உங்களில் சிலர் கிளிக்கியையோ நாவியையோ கற்க ஆர்வங் கொள்ளலாம். அது நல்ல ஆர்வமே. மொழியின் இயல்பை ஆராயும் மனம் தமிழையும் ஆராயும். எழுத்தையும் சொல்லையும் ஓர் அறிஞர் தம் மேசையில் அமர்ந்து ஆக்கிவிடலாம். பொருளை ஒரு குடும்பமும் ஓர் ஊரும் கூடிப் பேசித்தான் ஆக்க முடியும். அது உங்களுக்கு ஏற்கெனவே வாய்த்திருக்கிறது.

பயிற்சிகள்

தேம்ஸ் நதியின் அடியிலே ஒரு மக்கட் கூட்டம் வாழ்வதாகக் கற்பனை செய்க. அவர்களுக்கு ஒரு மொழி வகுப்போம்.

1. ஐந்து மெய்களையும் மூன்று உயிர்களையும் தெரிந்தெடுக்குக. அவற்றால் 15 உயிர்மெய்கள் பிறக்கும். ஈரெழுத்துச் சொற்கள் மட்டும் 225 ஆக்கலாம். மூவெழுத்துச் சொற்கள் 3375 ஆக்கலாம். இவை எவ்வாறு வந்தன எனக் கணக்கிட்டுக் காட்டுக.

2. எந்த ஒலி சொல்லுக்கு முதலில் வராது, எது இறுதியில் வராது என இரண்டு விதிகள் எழுதுக. அவ்விதிகளின்படி உங்கள் பெயரை அம்மக்கள் எவ்வாறு உச்சரிப்பர்?

3. நான், நீ, நாம், நாங்கள் என்பவற்றுக்குச் சொற்கள் ஆக்குக. மூத்தோரை மதித்து அழைக்கத் தனிச்சொல் வேண்டுமா எனத் தீர்மானித்துக் காரணங் கூறுக.

4. 'நீந்து' என்னும் பொருளில் ஒரு வினையடியை ஆக்கி, முக்காலத்திலும் அமைக்குக. காலங்காட்டும் உறுப்பு பகுதிக்கு முன்னேயா, பின்னேயா, உள்ளேயா நிற்கும்?

5. சித்தப்பா, பெரியப்பா, மாமா என்பவர்களை அம்மக்கள் ஒரே சொல்லால் அழைப்பரா, வெவ்வேறு சொற்களால் அழைப்பரா? தமிழில் வெவ்வேறு சொற்கள் ஏன் உள்ளன என்பதை அம்மம்மாவிடமோ அப்பப்பாவிடமோ கேட்டு எழுதுக.

6. உங்கள் புதுமொழியின் விதிகளை வீட்டிலுள்ள ஒருவருக்கு ஐந்து நிமிடம் விளக்குக. விளக்கம் முழுவதும் தமிழிலேயே அமைதல் வேண்டும். சொல் வராத இடத்தில் நிறுத்தி, 'இதற்குத் தமிழில் என்ன சொல்?' என்று கேளுங்கள். அவ்வாறு கேட்ட சொற்களை ஒரு பட்டியலாக எழுதி அடுத்த வகுப்புக்குக் கொண்டு வருக.